கோடை விடுமுறையும் ஒரு மூத்த மாணவனும்

ஏப்ரல் மாதம் பரீட்சை முடிந்ததும் கல்லூரி விடுதிகள் காலியாகிவிடும். ஆனால் தரமணியிலும் கிண்டியிலும் உள்ள ஆய்வு நிறுவனங்களில் மே மாதம்தான் புதிய முகங்கள் அதிகம் தெரியும். வெவ்வேறு ஊர்களில் பி.எஸ்ஸியோ பி.இ.யோ படிக்கும் பிள்ளைகள் இரண்டு மாத 'சம்மர் புராஜெக்ட்' செய்ய வந்திருப்பார்கள். கையில் உள்ள கடிதத்தில் ஒரு பேராசிரியரின் பெயர் இருக்கும். பேராசிரியர் முதல் நாள் அரை மணி நேரம் பேசுவார். பிறகு பக்கத்து அறையில் இருக்கும் ஒரு ரிசர்ச் ஸ்காலரைக் கூப்பிட்டு, "இவரோட இருந்து வேலை கத்துக்கோ" என்று ஒப்படைத்துவிடுவார்.

அடுத்த இரண்டு மாதத்துக்கு அந்தப் பிள்ளைக்கு எல்லாமே அந்த ரிசர்ச் ஸ்காலர்தான். கருவியை எப்படித் தொடவேண்டும், கட்டுரையை எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கவேண்டும், கணக்கு தப்பாக வந்தால் எங்கே தேடவேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லித்தருபவர் அவர். தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போவதும் அவர்தான். முடிவில் சான்றிதழில் கையெழுத்துப் போடுபவர் பேராசிரியர்.

இந்த ஏற்பாடு அண்மையில் மேல்நாட்டிலிருந்து வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது நம்மிடம் இருந்தது. அதற்கு அப்போது பெயர் இல்லை, விண்ணப்பம் இல்லை, உதவித்தொகையும் இல்லை. அந்தக் கதையின் ஒரு முனை மயிலாப்பூரில் இருக்கிறது.

எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் ஒரு வீடு

சாந்தோமிலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே நடந்தால் காந்தி சிலை வரும். அங்கிருந்து மேற்கே பிரியும் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலைக்கு அந்தக் காலத்தில் எட்வர்ட் எலியட்ஸ் சாலை என்று பெயர். அந்தச் சாலையில் 'சந்திர விலாஸ்' என்று ஒரு வீடு. ரயில்வே கணக்குத் துறையில் உயர் அதிகாரியாக இருந்த சி.சுப்பிரமணிய அய்யரின் குடும்பம் அங்கே வசித்தது. அவருடைய மனைவி சீதாலட்சுமி இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். அவர்களின் மூத்த மகன் சந்திரசேகர் 1925-இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தான். பின்னாளில், 1983-இல், இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற எஸ்.சந்திரசேகர்தான் இவர்.

சுப்பிரமணிய அய்யரின் தம்பி சி.வி.ராமன். அப்போது கல்கத்தாவில் பேராசிரியராக இருந்தார். சித்தப்பா ராமன் என்றால் மருமகப்பிள்ளை, அண்ணன் பிள்ளை எல்லோருக்கும் வழி தானாகத் திறந்திருக்கும் என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கதையில் ராமனை விட முக்கியமானவர் இன்னொருவர். அவரிடம் வருவதற்கு முன், ராமன் எப்படிப் படித்தார் என்பதைப் பார்த்துவிடவேண்டும்.

யாரும் இல்லாமல் படித்தவர்

ராமனும் மாநிலக் கல்லூரி மாணவர்தான். 1904-இல் பி.ஏ., 1907-இல் எம்.ஏ. முடித்தார். அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை 1906 நவம்பரில் லண்டனின் 'ஃபிலசாஃபிக்கல் மேகஸின்' இதழில் வந்தது. அப்போது அவருக்கு வயது 18. அந்தக் கல்லூரியில் அன்று ஆய்வு என்று ஒரு வழக்கமே இல்லை. பாடம் உண்டு, பரீட்சை உண்டு, செய்முறை வகுப்பு உண்டு. "நான் இதைச் செய்துபார்த்தேன், நீயும் இப்படிச் செய்" என்று சொல்ல இரண்டு வருடம் முன்னால் போன ஓர் அண்ணன் இல்லை. நூலகத்தில் இருந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ், ரேலி ஆகியோரின் எழுத்துகள்தான் அவருக்கு வழிகாட்டி.

ராமனைப் போன்ற ஒருவர் தனியாகவும் முளைத்துவிடுவார். ஆனால் அவரே எம்.ஏ. முடித்தபின் என்ன செய்தார்? நிதித் துறைத் தேர்வு எழுதி முதலிடம் பெற்று, 1907-இல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகப் போய்ச் சேர்ந்தார். அறிவியலில் வேலை என்று ஒன்று இல்லாத காலம் அது. பத்து வருடம் பகலில் அரசாங்கக் கணக்கு, காலையிலும் மாலையிலும் பவுபஜார் தெருவில் இருந்த 'இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழக'த்தில் சோதனை என்று ஓடினார். 1917-இல்தான் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி கிடைத்தது. சம்பளம் குறைந்தாலும் அதை ஏற்றுக்கொண்டார்.

தனக்குக் கிடைக்காத ஒன்றை அவர் அங்கே மற்றவர்களுக்கு உண்டாக்கினார். பல மாகாணங்களிலிருந்தும், குறிப்பாகத் தென்னாட்டிலிருந்து, இளைஞர்கள் பவுபஜார் தெருவுக்கு வரத் தொடங்கினார்கள்.

விடுமுறையில் வந்த ஆசிரியர்

அப்படி வந்தவர்களில் ஒருவர் கே.ஆர்.ராமநாதன். பாலக்காட்டுக்காரர், அவரும் மாநிலக் கல்லூரியில் படித்தவர். திருவனந்தபுரத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவர், 1921 இறுதியில் ஆய்வு மாணவராகக் கல்கத்தாவுக்கு வந்தார். ஒரு வருடம் கழித்து ரங்கூன் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆனால் லேபை விடவில்லை. கோடை விடுமுறை விட்டதும் கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்துவிடுவார்!

1923-இல் அவர் தண்ணீர் போன்ற திரவங்களில் ஒளி சிதறுவதைச் சோதித்துக்கொண்டிருந்தார். வந்த ஒளியின் நிறத்தோடு, மிக மங்கலாக வேறொரு நிறமும் சேர்ந்திருப்பதைக் கவனித்தார். திரவத்தில் இருக்கும் அழுக்குதான் காரணமோ என்று திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து பார்த்தார்கள். அந்த மங்கல் போகவில்லை. 'பலவீனமான ஒளிர்வு' என்று பெயர் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள். ஐந்து வருடம் கழித்து ராமன் விளைவு என்று உலகமே பேசிய விஷயத்தின் முதல் தடயம் அதுதான்.

அரசாங்கப் பரிசோதனை நிலையத்தில் வேதியியலாளராக வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் லேபுக்கு வந்த எஸ்.வெங்கடேஸ்வரன், 1927-இன் இறுதியில் கிளிசரினில் அதே மாதிரி ஒரு நிற மாற்றத்தை இன்னும் தெளிவாகப் பார்த்தார். ஒருவர் விடுமுறையில் வந்தவர், இன்னொருவர் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் வந்தவர். இவர்களின் பெயர்கள் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இல்லை.

வத்திராயிருப்பிலிருந்து வந்த அண்ணன்

இப்போது இந்தக் கதையின் மையத்துக்கு வருவோம். கே.எஸ்.கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ஆம் தேதி, இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். படிப்பு முடிந்ததும் அதே கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தார். லேபில் மாணவர்களுக்குச் சோதனை செய்ய உதவும் வேலை அது. பேராசிரியர் இல்லை, மாணவனும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு பதவி.

அங்கே அவர் மதிய உணவு இடைவேளையில் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். இயற்பியல், வேதியியல், கணிதம் என்று எதில் சந்தேகம் இருந்தாலும் மாணவர்கள் வந்து கேட்கலாம். வருகைப் பதிவு கிடையாது, பாடத்திட்டம் கிடையாது. பேச்சு சுவையாக இருந்ததால் வேறு கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் அந்த நேரத்துக்கு வர ஆரம்பித்தார்கள். அன்றைக்குக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. அதனால் நகரத்துப் பிள்ளைகள் வந்துபோவது சுலபமாகவும் இருந்தது.

பேராசிரியரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை மாணவன் யாரிடம் கேட்பான்? அதே கேள்வியில் நேற்றுவரை மாட்டிக்கொண்டு தவித்த ஒருவரிடம்தான். கிருஷ்ணனின் உணவு இடைவேளை அதற்கான இடமாக இருந்தது.

1920-இல் அவர் மேலே படிக்கக் கல்கத்தாவுக்குப் போனார். 1923-இன் இறுதியில் ராமனின் லேபில் ஆய்வாளராகச் சேர்ந்தார். ராமநாதன் கண்ட அந்த மங்கலான ஒளிர்வை வேறு பல திரவங்களிலும் கண்டார். 1928 பிப்ரவரியில் ராமன் அவரை மறுபடி அந்தச் சோதனையில் இறக்கினார். அந்த நாட்களில் என்னென்ன நடந்தது என்று கிருஷ்ணன் எழுதிவைத்த நாட்குறிப்பு வரலாற்று ஆய்வாளர்களுக்கு இன்றும் முக்கியமான ஆவணம். 'நேச்சர்' இதழின் 1928 மார்ச் 31 தேதியிட்ட பிரதியில் புதுக் கண்டுபிடிப்பு பற்றிய கடிதம் வெளியானது. அதன் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன: ராமன், கிருஷ்ணன்.

1928 கோடை

அதே வருடக் கோடையில்தான் பதினேழு வயது சந்திரசேகர் கல்கத்தாவுக்குப் போனார். கண்டுபிடிப்பு நடந்து சில மாதங்களே ஆகியிருந்தன. லேப் முழுக்க அதே பேச்சு. அந்தச் சூட்டில் ஓர் இளங்கலை மாணவன் உள்ளே நுழைந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சந்திரசேகருக்குச் சோதனை வேலை கைவரவில்லை. கருவிகளோடு வாழ்வது தனக்கு ஒத்துவராது, காகிதமும் பென்சிலும்தான் தன் ஆயுதம் என்பது அவருக்குத் தெளிவானது. இரண்டு மாதத்தில் இப்படி ஒன்று தெரியவருவது தோல்வி என்று சொல்ல முடியாது. தனக்கு எது வராது என்பதைப் பதினேழு வயதில் அறிந்துகொள்வது எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

அங்கே அவர் கிருஷ்ணனோடு பழகினார். கிருஷ்ணனுக்கு அப்போது 29 வயது. ராமனுக்கு 39. சித்தப்பா என்ற உறவில் ஒரு மரியாதை உண்டு, ஒரு தூரமும் உண்டு. ராமனோ எதையும் ஓங்கிப் பேசுபவர், சூறாவளி மாதிரி வேலை செய்பவர். கிருஷ்ணன் அடங்கிய சுபாவம் உள்ளவர், பேச்சில் நிதானமானவர். லேபில் நேற்று என்ன நடந்தது, இன்று ஏன் அது சரிப்படவில்லை என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பேசக்கூடிய தூரத்தில் இருந்தவர்.

ஊருக்குத் திரும்பிய சில மாதங்களில், 1928-இன் இறுதிப் பகுதியில், ஜெர்மனியின் பெரிய இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். அவருடைய புத்தகத்தை முழுக்கப் படித்திருந்த சந்திரசேகர், அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். "நீ படித்ததெல்லாம் பழையதாகிவிட்டது, இப்போது இயற்பியலே மாறிவிட்டது" என்ற பொருளில் சோமர்ஃபெல்ட் சொன்னார். வேறொரு பையனாக இருந்தால் துவண்டிருப்பான். சந்திரசேகர் அவரிடமிருந்து அச்சுக்குப் போகவிருந்த புதிய கட்டுரையை வாங்கிப் படித்து, அதிலிருந்த புதிய புள்ளியியல் முறையைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதிவிட்டார். அது கேம்பிரிட்ஜில் இருந்த ஃபௌலர் வழியாக 1929-இல் ராயல் சொசைட்டியின் ஆய்வேட்டில் வெளியானது. எழுதியவர் இன்னும் பட்டம் வாங்கவில்லை!

சோமர்ஃபெல்ட் கொடுத்தது ஒரு சந்திப்பு, ஒரு கட்டுரை. அதைக் கேட்டு வாங்கும் தைரியமும், வாங்கியதை ஆய்வாக மாற்றலாம் என்ற எண்ணமும் எங்கிருந்து வந்தன? எல்லாவற்றையும் கல்கத்தாக் கோடையின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் ஆய்வு செய்பவர்கள் நம்மைப் போல் சாப்பிட்டு, தூங்கி, தப்புப் பண்ணி, மறுநாள் திருத்துகிற மனிதர்கள்தான் என்பதை அதற்குள் அவர் கண்ணால் பார்த்திருந்தார். இதைப் புத்தகம் சொல்லித்தராது.

வரவு யார் பெயரில்?

1930-இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. கிருஷ்ணனுக்குப் பங்கு கிடைத்திருக்கவேண்டுமா என்பது இன்றும் பேசப்படும் விஷயம். ஏழு ஆண்டுகளாக ஒளிச் சிதறலை விடாமல் துரத்தியவர், லேபை நடத்தியவர், கேள்வியைக் கேட்டவர் ராமன் என்பதில் சந்தேகமில்லை. 1928 பிப்ரவரியில் கண்ணால் பார்த்து உறுதிசெய்த கைகளில் கிருஷ்ணனின் கை முக்கியமானது என்பதிலும் சந்தேகமில்லை.

கிருஷ்ணன் 1928 டிசம்பரில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். படிகங்களின் காந்தத் தன்மையில் தனியாகப் பெரிய பெயர் எடுத்தார். 1940-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1947-இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1961-இல் காலமானார். ஆகவே அவரை ஏமாந்துபோனவர் என்று பரிதாபப்படத் தேவையில்லை.

பிரச்சினை வேறு. கண்டுபிடிப்புக்கு ஒரு பதிவேடு இருக்கிறது. இதழ் இருக்கிறது, தேதி இருக்கிறது, பரிசு இருக்கிறது. அங்கே பங்கு தவறினால் நூறு வருடம் கழித்தும் விவாதிக்கலாம். ஆனால் கிறித்தவக் கல்லூரியின் உணவு இடைவேளையில் கிருஷ்ணன் தீர்த்துவைத்த சந்தேகங்களுக்கு எந்தப் பதிவேடும் இல்லை. யார் யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்ற கணக்கு எங்குமே எழுதப்படுவதில்லை. ஒரு நிறுவனத்தின் ஐந்தொகையில் கட்டடம் தெரியும், இயந்திரம் தெரியும். பழைய தொழிலாளி புதியவனுக்குக் கற்றுக்கொடுத்த வேலை தெரியாது. அது இல்லாமல் நிறுவனம் ஒரு நாள் கூட ஓடாது.

லஸ் சர்ச் சாலையில் இன்னொரு வீடு

முப்பது வருடம் கழித்து அதே மயிலாப்பூரில் இதே கதை வேறு வடிவில் நடந்தது. அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசுவாமி அய்யரின் வீடு லஸ் சர்ச் சாலையில் இருந்த 'ஏகாம்ர நிவாஸ்'. அவருடைய மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். 1957-58-இல் பிரின்ஸ்டனில் உயர் ஆய்வு நிறுவனத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர், அங்கே பார்த்த கருத்தரங்குகளைப் போலத் தன் வீட்டிலேயே தொடங்கினார். அவருடைய ஆராய்ச்சி மாணவர்கள் புதிய கட்டுரைகளைப் படித்துவந்து ஒருவருக்கொருவர் விளக்கிச் சொல்வார்கள். வெளிநாட்டு அறிஞர்கள் யாராவது சென்னை வழியாகப் போனால் அந்த வீட்டுக்கு அழைத்துவரப்படுவார்கள்.

1960 ஜனவரியில் அப்படி வந்தவர் நீல்ஸ் போர். இந்தியாவில் தன்னைக் கவர்ந்தவையாக அவர் இரண்டைக் குறிப்பிட்டார். ஒன்று பம்பாயில் ஹோமி பாபா கட்டியெழுப்பிய பெரிய நிறுவனம். மற்றது சென்னையில் ராமகிருஷ்ணன் உருவாக்கியிருந்த சிறிய மாணவர் குழு. செய்தி பிரதமர் நேரு வரை போனது. அன்றைய மாநிலக் கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம் ஆதரவாக நின்றார். 1961-இல் நேரு சென்னை வந்தபோது அந்த மாணவர்களைச் சந்தித்தார். 1962 ஜனவரி 3-ஆம் தேதி கணித அறிவியல் நிறுவனம், அதாவது 'மேட்சயின்ஸ்', பிறந்தது.

தொடக்க விழா நடந்த இடம் மாநிலக் கல்லூரி. விழாவுக்கு வந்திருந்தவர் சிகாகோவிலிருந்து வந்த பேராசிரியர் சந்திரசேகர். 1928 கோடையில் கல்கத்தாவுக்கு ரயிலேறிய அதே மாணவன், 51 வயதில், தான் படித்த கல்லூரியில் நின்றார்!

இன்றைய கோடை

கோடை ஆய்வு இன்று முறைப்படி நடக்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. 1969-இல், மார்கரெட் மக்விகாரின் முயற்சியில், இளங்கலை மாணவர்களை ஆய்வில் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் அறிவியல் கழகங்கள் மூன்று சேர்ந்து கோடை ஆய்வு உதவித்தொகை வழங்கிவருகின்றன. அவற்றில் பெங்களூரில் உள்ள கழகம் 1934-இல் ராமனே தொடங்கியது. அந்த உதவித்தொகைக்கு மாணவர்கள் மட்டுமின்றிக் கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். ரங்கூனிலிருந்து விடுமுறைக்கு வந்த ராமநாதனை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சென்னை ஐ.ஐ.டி.யும் தரமணி கணித அறிவியல் நிறுவனமும் கோடையில் மாணவர்களை எடுத்துக்கொள்கின்றன.

பழைய ஏற்பாட்டை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. 1928-இல் சந்திரசேகர் கல்கத்தாவுக்குப் போக முடிந்ததற்கு அவருடைய திறமை மட்டும் காரணம் இல்லை. சித்தப்பா அங்கே இருந்தார், அப்பாவிடம் வசதி இருந்தது. அதே வகுப்பில் அதே அளவு கெட்டிக்காரனாக இருந்து, கல்கத்தாவில் யாரையும் தெரியாத ஒரு பையன் அந்தக் கோடையில் எங்கே போயிருப்பான்? அவனுடைய பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. இன்று அவன் விண்ணப்பம் போடலாம். உறவின் இடத்தில் விண்ணப்பம் வந்ததுதான் இந்த நூறு வருடத்தில் நடந்த பெரிய மாற்றம். அதற்கும் கல்லூரியில் யாராவது தகவல் சொல்லவேண்டும், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதத் தெரிந்திருக்கவேண்டும், பரிந்துரைக் கடிதம் தர ஓர் ஆசிரியர் வேண்டும். சிறு ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் பலர் இந்த வாசலில்தான் நின்றுவிடுகிறார்கள். பெரும்பாலும் போன வருடம் போய்வந்த ஒரு சீனியர் சொல்லித்தான் அடுத்தவருக்கு விஷயமே தெரிகிறது.

மாறாத இன்னொன்று, நடுவில் நிற்பவரின் நிலைமை. ரிசர்ச் ஸ்காலருக்குத் தன் தீசிஸ் இருக்கிறது, முடிக்கவேண்டிய கெடு இருக்கிறது. கோடையில் வந்த பிள்ளைக்காக அவர் செலவிடும் நேரம் அவருடைய தீசிஸில் ஒரு வரியாகக் கூட வராது. அப்படியும் பலர் பொறுமையாகச் செய்கிறார்கள். நாலைந்து வருடம் முன்னால் தங்களுக்கு யாரோ செய்தார்கள் என்பதுதான் காரணம். இந்தக் கடன் வாங்கியவரிடம் திருப்பிச் செலுத்தப்படுவதில்லை, அடுத்து வருபவரிடம் போய்ச் சேர்கிறது.

கோடைப் புராஜெக்ட் அறிக்கையின் முதல் பக்கத்தில் நன்றி சொல்லும் வழக்கம் உண்டு. இயக்குநருக்கு, துறைத் தலைவருக்கு, பேராசிரியருக்கு என்று அது வரிசையாகப் போகும். கருவியை முதன்முதலில் கையில் கொடுத்த அந்த அண்ணனின் அல்லது அக்காவின் பெயர் கடைசி வரியில் 'மற்றும் பலர்' என்பதற்குள் கரைந்துபோவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதைப் பிரித்து எழுதப் பணம் செலவில்லை, யாருடைய அனுமதியும் வேண்டாம். ஒரு பெயர், அதற்குப் பக்கத்தில் அவர் கற்றுக்கொடுத்தது என்ன என்று ஒரு வரி. உணவு இடைவேளையில் கிருஷ்ணனிடம் கற்றுக்கொண்டவர்கள் அப்படி ஒரு வரி எழுதிவைத்திருந்தால், இன்று அவரைப் பற்றி இன்னும் எவ்வளவோ தெரிந்திருக்கும்.